சீனச் சொல்லும் ஆங்கில வேடமும்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், சீனத் தலைவரின் பதவிப் பெயருக்குச் சீன மொழியில் ‘அதிபர்’ என்ற பொருளே இல்லை என்று இப்பகுதியில் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். சீனச் சொற்களைத் தமிழ் எழுத்தில் காதுக்கு எட்டிய அளவில்தான் தர முடிகிறது. அந்த மொழியின் தொனி வேறுபாடுகள் நம் எழுத்துக்குள் அடங்குவதில்லை.

கேள்வி: மாவோவை ஆங்கில நூல்கள் ‘சேர்மன்’ என்கின்றன, ஷி ஜின்பிங்கை ‘பிரசிடென்ட்’ என்கின்றன. சீனத்திலும் இப்படி இரண்டு சொற்கள் உண்டா?

பதில்: இல்லை. இருவருக்கும் ஒரே சொல்தான், ‘ஜூஷி’. ‘ஜூ’ என்றால் முதன்மை. ‘ஷி’ என்றால் பாய், இருக்கை. அவையில் முதல் இருக்கையில் அமர்பவர் ஜூஷி. தமிழில் ‘அவைத்தலைவர்’ என்ற சொல் இதற்கு மிக அருகில் வரும்.

1954-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, நாட்டின் ஜூஷி என்ற பதவியை உருவாக்கியது. அதில் 1959 வரை மாவோவும், அவருக்குப் பின் லியூ ஷாவ்சியும் இருந்தார்கள். பெய்ஜிங்கிலிருந்து அக்காலத்தில் வந்த அதிகாரபூர்வ ஆங்கில ஏடுகள் இருவரையும் ‘சேர்மன்’ என்றே எழுதின. 1975-இல் அந்தப் பதவி ஒழிக்கப்பட்டு, 1982 அரசியலமைப்பில் மீண்டும் கொண்டுவரப்பட்டது. சீன மூலத்தில் பதவியின் பெயர் பழையபடியே இருந்தது; அதிகாரபூர்வ ஆங்கில வடிவத்தில் மட்டும் அது ‘பிரசிடென்ட்’ ஆகிவிட்டது. 1983-இல் பொறுப்பேற்ற லி ஷியென்னியென்தான் இந்தப் புதிய ஆங்கிலப் பெயரோடு உலகுக்கு அறிமுகமான முதல் ஆள். சீனம் உலகத்தோடு உறவு கொண்டாடப் புறப்பட்ட காலத்தில், மற்ற நாட்டுத் தலைவர்களுக்குச் சமமாக ஒலிக்கும் ஒரு பட்டம் தேவைப்பட்டது என்பதைத் தவிர இதற்கு வேறு பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ‘பிரசிடென்ட்’ என்பதற்குச் சீனத்தில் தனிச்சொல் உண்டு. அது ‘சொங்தொங்’. அமெரிக்க அதிபரும் பிரெஞ்சு அதிபரும் சீனச் செய்திகளில் சொங்தொங். தைவானில் உள்ளவர்களும் தங்கள் தலைவரை அதே சொல்லால்தான் அழைக்கிறார்கள். பெய்ஜிங் அதை ஏற்காமல் ‘தைவான் பகுதியின் தலைவர்’ என்று சுற்றி வளைத்துச் சொல்கிறது. 2015 நவம்பரில் ஷி ஜின்பிங்கும் தைவானின் மா யிங்ஜியூவும் சிங்கப்பூரில் சந்தித்தபோது, எந்தப் பட்டத்தைச் சொன்னாலும் அது ஓர் அரசியல் ஒப்புதலாகிவிடும் என்பதால், இருவரும் ஒருவரையொருவர் ‘ஷியென்ஷெங்’, அதாவது வெறும் ‘திரு’ என்று அழைத்துக்கொள்வதாக முடிவு செய்துகொண்டார்கள்.

ஷி ஜின்பிங் வகிக்கும் மூன்று பதவிகளில், கட்சியின் பொதுச் செயலாளர் என்பதே அதிகாரத்தின் ஊற்று. படைத்துறை ஆணையத்தின் தலைமை அதற்கு அடுத்தது. நாட்டின் ஜூஷி என்பது சடங்குத் தன்மை மிகுந்தது. உள்நாட்டுச் செய்திகள் அவரைப் பெரும்பாலும் ‘பொதுச் செயலாளர்’ என்றே குறிப்பிடுகின்றன. ஆங்கிலம் வழியாகச் சீனத்தைப் பார்க்கும் நமக்கு மூன்றில் எடை குறைந்த பதவிதான் முன்னால் தெரிகிறது. 2020 வாக்கில் அமெரிக்க வெளியுறவுத் துறையினர் ‘பிரசிடென்ட் ஷி’ என்பதைக் கைவிட்டு ‘ஜெனரல் செக்ரட்டரி ஷி’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். மொழிபெயர்ப்பின் துல்லியத்தில் திடீரென்று ஏற்பட்ட அக்கறை என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அது உறவு கசந்ததன் அடையாளம். ஆனால் துல்லியம் என்னவோ கூடத்தான் செய்தது.

கேள்வி: தைவான் குறித்து அமெரிக்காவும் சீனமும் சேர்ந்து கையெழுத்திட்ட அறிக்கையின் ஆங்கில வடிவமும் சீன வடிவமும் வேறு வேறு பொருள் தருவதாகப் படித்தேன். இரண்டு வல்லரசுகள் இப்படியொரு பிழையைக் கவனிக்காமல் விட்டிருக்க முடியுமா?

பதில்: கவனிக்காமல் விட்டார்கள் என்று நான் நம்பவில்லை. கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

1972 பிப்ரவரியில் நிக்சனின் சீனப் பயணத்தின் முடிவில் ஷாங்காய் அறிக்கை வெளியாயிற்று. தைவான் நீரிணையின் இரு கரைகளிலும் உள்ள சீனர்கள் அனைவரும் சீனம் ஒன்றே என்றும் தைவான் அதன் ஒரு பகுதி என்றும் கூறுகிறார்கள். இதை அமெரிக்கா ‘அக்னாலட்ஜ்’ செய்கிறது. அந்த நிலைப்பாட்டை மறுத்து வாதிடவில்லை. இதுவே அமெரிக்கத் தரப்பின் வாசகம். அக்னாலட்ஜ் என்பதற்கு ‘அப்படி ஒரு கருத்து இருப்பதை அறிவோம்’ என்ற அளவுக்கே பொருள். கருத்தை ஏற்றதாக ஆகாது. சீன வடிவத்தில் அந்த இடத்தில் ‘ரென்ஷிதாவ்’ என்ற சொல் நின்றது. ‘உணர்ந்திருக்கிறோம், அறிந்திருக்கிறோம்’ என்று அதற்குப் பொருள். ஆங்கிலமும் சீனமும் அங்கே ஏறத்தாழ ஒரே தராசில் நின்றன.

1979 ஜனவரி 1 முதல் தூதரக உறவு தொடங்குவதை அறிவித்த இரண்டாவது அறிக்கையில் ஆங்கில வினைச்சொல் மாறவில்லை. சீனம் ஒன்றே, தைவான் அதன் பகுதி என்ற சீனத்தின் நிலைப்பாட்டை அமெரிக்கா அக்னாலட்ஜ் செய்கிறது என்றே இருந்தது. சீன வடிவத்தில் ரென்ஷிதாவ் காணாமல் போய், அதன் இடத்தில் ‘செங்ரென்’ வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு நாடு இன்னொரு நாட்டை அங்கீகரிப்பதற்குச் சீனத்தில் வழங்கும் சொல் செங்ரென். அதே அறிக்கையில், பெய்ஜிங் அரசே சீனத்தின் ஒரே சட்டபூர்வ அரசு என்பதை அமெரிக்கா ‘ரெகக்னைஸ்’ செய்கிறது என்று வேறொரு வாக்கியமும் உண்டு. அங்கும் சீனத்தில் செங்ரென்தான். ஆக, ஆங்கிலம் பார்த்துப் பார்த்து இரண்டு வினைச்சொற்களைப் போட்ட இடத்தில் சீனம் ஒன்றையே இரண்டு முறை போட்டுவிட்டது. ஆங்கிலத்தைப் படிப்பவருக்கு ஒன்று அங்கீகாரம், மற்றது வெறும் கவனிப்பு. சீனத்தைப் படிப்பவருக்கு இரண்டும் அங்கீகாரம்.

அமெரிக்க செனட்டர்கள் 1979-இலேயே இதைக் கண்டுபிடித்துக் கேட்டுவிட்டார்கள். வெளியுறவுத் துறையின் துணைச் செயலாளராக இருந்த வாரன் கிறிஸ்டபர், ஆங்கில வடிவமே தங்களைக் கட்டுப்படுத்தும் என்று பதில் சொன்னார். விஷயம் அத்தோடு முடிந்தது. 1982 ஆகஸ்டில் வந்த மூன்றாவது அறிக்கையிலும் அதே இரட்டைச் சொற்கள் தொடர்ந்தன.

செங்ரென் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. குற்றவாளி குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்பதற்கும் சீனத்தில் அதே சொல்தான். நம்முடைய ‘ஒப்புக்கொள்’ என்ற வினையை எண்ணிப் பாருங்கள். தவறு செய்ததை ஒப்புக்கொண்டான் என்றாலும், நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டான் என்றாலும், ஒரே சொல். உள்ளே இருக்கும் செயல்கள் வேறு. இந்தச் சொல்லை வைத்துத் தமிழில் அந்த அறிக்கையைப் பெயர்த்தால் நாமும் சீன வடிவத்தின் பக்கம் அறியாமலே சாய்ந்துவிடுவோம். ‘அறிந்துள்ளது’ என்று எழுதினால் ஆங்கிலத்தின் பக்கம். நடுவில் நிற்க ஒரு சொல் கிடைக்கவில்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: 2001-இல் அமெரிக்கா சீனத்திடம் மன்னிப்புக் கேட்டதா, கேட்கவில்லையா? நண்பர்களுக்குள் ஒரு பந்தயம்.

பதில்: பந்தயத்தில் இருவருமே பணம் கேட்கலாம்.

அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று தென்சீனக் கடலுக்கு மேல் ஓர் அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வெய் உயிரிழந்தார். சேதமடைந்த அமெரிக்க விமானம் ஹைனான் தீவில் இறங்க, அதிலிருந்த 24 பேரும் தடுத்து வைக்கப்பட்டார்கள். சீனம் கேட்டது ‘தாவ்ச்சியென்’. அதாவது, தவறு என்னுடையது என்று ஏற்றுக் கேட்கும் மன்னிப்பு. அமெரிக்கா அதற்கு உடன்படவில்லை. ஏப்ரல் 11 அன்று அமெரிக்கத் தூதர் கொடுத்த கடிதத்தில் ‘வெரி சாரி’ என்ற தொடர் இரண்டு முறை வந்தது: விமானியின் இழப்புக்கு ஒன்று, வாய்மொழி அனுமதி இல்லாமல் தரையிறங்கியதற்கு ஒன்று. ஆங்கிலத்தில் ‘சாரி’ என்பது இழவு வீட்டிலும் சொல்லப்படும், காலை மிதித்துவிட்டாலும் சொல்லப்படும். பொறுப்பேற்பது அதில் கட்டாயமில்லை. சீன அரசின் செய்திகளோ அந்தத் தொடரை ‘ஷென் பியாவ் ச்சியென்யி’ என்று பெயர்த்தன. ஆழ்ந்த மன்னிப்பைத் தெரிவித்தல் என்று மக்கள் அதைப் படித்துக்கொள்வார்கள். அந்தச் சொல்லுக்குள் ‘தாவ்ச்சியென்’ என்பதன் பின்பாதியான ச்சியென் அப்படியே ஒலிக்கிறது. வாஷிங்டன் தான் மன்னிப்புக் கேட்கவில்லை என்றது. பெய்ஜிங் தனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்றது. 24 பேரும் வீடு திரும்பினார்கள். சொல் சரியாகப் பொருந்தாததால் ஒரு சிக்கல் தீர்ந்த நிகழ்ச்சி என்று இதை நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

கேள்வி: சீனக் கம்யூனிஸ்ட் கட்சியில் ‘பிரசாரத் துறை’ என்றே வெளிப்படையாக ஒரு துறை இருப்பது வியப்பாக இல்லையா? பொய் சொல்வதற்கு ஒரு துறை என்று பெயர்ப்பலகை மாட்டுவார்களா?

பதில்: ஆங்கிலக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தமிழ்க் கண்ணால் பாருங்கள், வியப்புப் போய்விடும். நமக்குத் தேர்தல் பிரசாரம் உண்டு, சமயப் பிரசாரம் உண்டு, குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரமும் இருந்தது. இவற்றில் எதுவும் பொய் என்று நாம் பொருள் கொள்வதில்லை. சீனத்தின் ‘ஷுவான்சுவான்’ அப்படிப்பட்ட சொல். ‘ஷுவான்’ அறிவித்தல், ‘சுவான்’ பரப்புதல். நோய்த் தடுப்பு விளம்பரமும் ஷுவான்சுவான், புதுப்படத்துக்கு நடிகர்கள் ஊர் ஊராகப் போவதும் ஷுவான்சுவான்.

ஆங்கிலத்தின் ‘புரொபகண்டா’வும் பிறந்தபோது கெட்ட சொல் அல்ல. 1622-இல் கத்தோலிக்கத் திருச்சபை, விசுவாசத்தைப் பரப்புவதற்காக ரோமில் ஏற்படுத்திய சபையின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது அது. இருபதாம் நூற்றாண்டின் போர்கள்தான் அதன் பெயரைக் கெடுத்தன. கெட்ட பிறகு, 1990-களின் இறுதியில், கட்சி அந்தத் துறையின் ஆங்கிலப் பெயரைப் ‘பப்ளிசிட்டி’ என்று மாற்றிக்கொண்டது. சீனப் பெயர் அப்படியே இருக்கிறது. மேற்கத்திய இதழ்கள் பெரும்பாலும் பழைய பெயரையே விடாமல் எழுதுகின்றன. எந்த ஆங்கிலச் சொல்லை ஒருவர் தேர்கிறார் என்பதைக் கொண்டே அவருடைய பார்வையை ஓரளவு ஊகித்துவிடலாம். ‘பப்ளிசிட்டி’ என்பதும் நேர்மையான பெயர்ப்பு என்று சொல்லிவிட முடியாது. ஊடகங்கள் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று வழிநடத்தும் ஒரு துறைக்கு அது விளம்பர நிறுவனத்தின் சாயலைக் கொடுத்துவிடுகிறது.

கேள்வி: சீன அரசியலமைப்பின் முதல் பிரிவிலேயே தன்னைச் ‘சர்வாதிகாரம்’ என்று அழைத்துக்கொள்கிறார்களாமே? அதிலும் ‘ஜனநாயக சர்வாதிகாரம்’! இது மொழிபெயர்ப்பாளரின் பிழைதானே?

பதில்: பிழை இல்லை, ஆனால் பாதிக் கதை. 1982 அரசியலமைப்பின் முதல் பிரிவு, நாட்டை ‘மக்கள் ஜனநாயக ஜுவான்ஜெங்’ என்று வரையறுக்கிறது. ஜுவான்ஜெங் என்பது மார்க்சிய நூல்களின் ‘பாட்டாளி வர்க்க சர்வாதிகாரம்’ என்ற தொடரைப் பெயர்ப்பதற்குச் சீனத்தில் நிலைபெற்ற சொல். ஒரு வர்க்கம் அரசதிகாரம் முழுவதையும் தன் கையில் வைத்திருப்பதைக் குறிப்பது. தனி ஒருவரின் கொடுங்கோன்மைக்கு ‘தூசாய்’ என்று வேறு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘டிக்டேட்டர்ஷிப்’ ஒன்றுதான். நம்மிடமும் சர்வாதிகாரம் ஒன்றுதான். அதனால்தான் இந்தத் தொடர் ஆங்கிலத்திலும் தமிழிலும் முரணாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது, சீனத்தில் அவ்வளவு துருத்துவதில்லை.

இந்த விளக்கத்தைச் சொல்லி நிறுத்திவிடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1949 ஜூன் இறுதியில் மாவோ இதே பொருளில் எழுதிய கட்டுரையில், ‘மக்கள் ஜனநாயக ஜுவான்ஜெங் என்றாலும், மக்கள் ஜனநாயக தூசாய் என்றாலும் ஒன்றுதான்’ என்ற கருத்தைத் தானே எழுதியிருக்கிறார். பிற்போக்காளர்களின் பேச்சுரிமையைப் பறித்து, மக்களுக்கு மட்டுமே பேச்சுரிமை என்பதுதான் அதன் சாரம் என்றும் விளக்கினார். மொழிபெயர்ப்பாளர்கள் கவனமாகப் பிரித்து வைக்க விரும்பும் இரண்டு சொற்களை மூல ஆசிரியரே ஒன்றாகக் கட்டிவிட்டார். அந்த அளவுக்கு ஆங்கிலத்தின் கரடுமுரடான ஒற்றைச் சொல்லே அவருக்கு விசுவாசமானது.

இந்தப் பிரிவு காலத்துக்குக் காலம் மாறியதையும் பார்க்க வேண்டும். 1954-இல் ‘மக்கள் ஜனநாயக நாடு’. பண்பாட்டுப் புரட்சிக் காலத்து 1975 அரசியலமைப்பில் ‘பாட்டாளி வர்க்க ஜுவான்ஜெங்’. 1982-இல் இன்றைய வடிவம்.

கேள்வி: ஜனநாயகம், உரிமை, புரட்சி போன்ற சொற்கள் சீனத்தில் பழங்காலத்திலிருந்தே இருந்தவையா?

பதில்: எழுத்துகள் பழையவை, பொருள் புதியது. ‘மின்ஜூ’ என்றால் இன்று ஜனநாயகம். மிகப் பழைய நூல்களில் அதே இரண்டு எழுத்துகளுக்கு ‘மக்களின் எஜமான்’, அதாவது அரசன் என்று பொருள். வேற்றுமை உருபு இல்லாத மொழி என்பதால், மக்களுக்கு எஜமான் என்றும் படிக்கலாம், மக்களே எஜமான் என்றும் படிக்கலாம். 1864-இல் அமெரிக்க மதபோதகர் வில்லியம் மார்ட்டின், சீன உதவியாளர்களுடன் சேர்ந்து ஒரு சர்வதேசச் சட்ட நூலைச் சீனத்தில் பெயர்த்தபோது, குடியரசு ஆட்சிக்கு மின்ஜூ என்ற சொல்லைப் புதுப் பொருளில் பயன்படுத்தினார். உரிமை என்பதற்கு அதே நூலில் அவர் தேர்ந்த ‘சுவான்லி’ இன்றும் வழங்குகிறது. ‘அதிகாரம்’ என்ற எழுத்தும் ‘ஆதாயம்’ என்ற எழுத்தும் சேர்ந்தது அது. அறத்தோடு தொடர்பே இல்லாத இரண்டு எழுத்துகளால் உரிமை என்ற கருத்து சீனத்துக்குள் நுழைந்தது பற்றி அந்நாட்டு அறிஞர்கள் நெடுங்காலமாகக் குறைபட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த அலை ஜப்பான் வழியாக வந்தது. சமூகம், பொதுவுடைமை, கட்சி ஊழியரைக் குறிக்கும் ‘கான்பு’ போன்றவை ஜப்பானியர் சீன எழுத்துகளால் கட்டிய சொற்கள். அங்கே படிக்கப்போன சீன மாணவர்கள் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். புரட்சியைக் குறிக்கும் ‘கெமிங்’ பழஞ்சொல்தான். ஒரு வம்சத்திடமிருந்து வானுலகம் தன் ஆணையைப் பறித்துக்கொள்வது அதன் முதல் பொருள். அதற்கு ‘ரெவல்யூஷன்’ என்ற புதுப்பொருளை ஏற்றியவர்கள் ஜப்பானியர்.

பின்னாளில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான சென் துஷியூ, 1919-இல் ஜனநாயகத்தை மொழிபெயர்க்கவே இல்லை. ‘டெமாக்ரசி’யின் முதல் ஒலியை மட்டும் எடுத்து ‘திருவாளர் தெ’ என்று பெயரிட்டு, அறிவியலைத் ‘திருவாளர் சாய்’ ஆக்கி, இந்த இருவரால் மட்டுமே சீனத்தைக் காப்பாற்ற முடியும் என்று எழுதினார். மின்ஜூ என்ற சொல் கைவசம் இருக்கும்போதே ஏன் அப்படிச் செய்தார் என்று நான் யோசிப்பதுண்டு. வெளியூரிலிருந்து வந்த விருந்தாளியாகவே அது இருக்கட்டும் என்று எண்ணியிருக்கலாம்.

இன்னொரு சிறு தகவல். சீன மக்கள் குடியரசின் ‘குடியரசு’ சீனத்தில் கொங்ஹெகுவோ. தைவானில் தொடரும் சீனக் குடியரசின் ‘குடியரசு’ மின்குவோ. இரண்டுக்கும் ஆங்கிலம் ‘ரிபப்ளிக்’ என்று ஒரே முத்திரையைக் குத்திவிடுகிறது. சீன வாசகருக்கு அந்தப் பெயர்களே ஒன்றோடொன்று ஒட்டாதவை.

கேள்வி: இந்தச் சொற்களில் ஏதாவது ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்திருக்கிறதா?

பதில்: ‘மூளைச்சலவை’. சீனத்தில் ‘ஷிநாவ்’, மூளையைக் கழுவுதல். கொரியப் போர்க் காலத்தில், 1950-இல், எட்வர்ட் ஹன்டர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அதை அப்படியே ஆங்கிலமாக்கிப் பரப்பினார்; நாம் ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்டு, பிறப்பிடத்தை மறந்துவிட்டோம். ‘காகிதப் புலி’யும் அப்படியே. 1946-இல் கட்சியின் அப்போதைய தளமான யெனானில் அமெரிக்கப் பத்திரிகையாளர் அன்னா லூயிஸ் ஸ்ட்ராங்கிடம் மாவோ அதைச் சொன்னபோது, உடனிருந்து மொழிபெயர்த்தவர் ‘சோளக்கொல்லைப் பொம்மை’ என்று ஆங்கிலத்துக்குப் பழக்கமான சொல்லால் பெயர்க்க முயல, மாவோ அதை மறுத்துக் காகிதப் புலியையே வைக்கச் செய்தார் என்று சொல்லப்படுகிறது. மறுத்தது நல்லதாயிற்று. பயமுறுத்துவதற்கென்றே செய்து நிறுத்திய பொம்மை வேறு, புலியாகத் தோன்றி மழையில் நனைந்தால் கரைந்துபோவது வேறு.

கேள்வி: ‘திறமையை மறைத்துக்கொண்டு காலம் வரும்வரை காத்திரு’ என்று தெங் ஷியாவ்பிங் சொன்னாராம். இது சீனத்தின் உள்நோக்கத்தைக் காட்டவில்லையா?

பதில்: மாவோவுக்குப் பின் சீனத்தை வழிநடத்திய அவர் பெயரோடு வழங்கும் தொடர் ‘தாவ்குவாங் யாங்ஹுய்’, நான்கே எழுத்துகள். ஒளியை மறைத்து, மங்கலில் தன்னை வளர்த்துக்கொள் என்பது நேர்ப்பொருள். நம் வழக்கில் குடத்திலிட்ட விளக்காய் இரு என்று சொல்லலாம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அறிக்கைகள் வழியாகப் பரவிய ஆங்கில வடிவத்திலோ ‘நேரம் பார்த்துக் காத்திரு’ என்ற பொருள் வந்து ஏறிக்கொண்டது. குடத்திலிட்ட விளக்கு உறுமீனுக்குக் காத்திருக்கும் கொக்காகிவிட்டது. அடக்கமாக இருத்தல் என்று பெயர்த்திருக்க வேண்டும் என்பது சீனத் தரப்பின் முறையீடு. அந்தத் தொடரைப் பழைய கதைகளில் பயன்படுத்திய வீரர்களில் சிலர் பின்னாளில் வாளை உருவவும் செய்தார்கள் என்பதால், கொக்கை முழுவதுமாக விரட்டிவிடவும் எனக்கு மனமில்லை.

கேள்வி: மாவோ தன்னை ‘ஒழுகும் குடையோடு உலகில் தனியே நடக்கும் துறவி’ என்று சொல்லிக்கொண்டாராமே? கவிதை போல இருக்கிறது.

பதில்: கவிதைதான், ஆனால் அது மாவோவுடையது அல்ல. 1970 டிசம்பரில் அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்கர் ஸ்னோவிடம் அவர் சொன்னது ‘துறவி குடை பிடித்தது போல’ என்ற வழக்கு. இது சீனத்தில் இரண்டு பாதிகள் கொண்ட சிலேடை வகை. முதல் பாதியைச் சொன்னாலே கேட்பவருக்கு மறுபாதி புரிந்துவிடும். மொட்டைத் துறவிக்கு முடி இல்லை. குடை மறைப்பதால் வானமும் இல்லை. முடிக்கும் சட்டத்துக்கும் சீனத்தில் ஏறத்தாழ ஒரே ஒலி, ‘ஃபா’. ஆகவே ‘வூ ஃபா வூ தியென்’: சட்டமும் இல்லை, வானமும் இல்லை; எதற்கும் கட்டுப்படாதவன். தான் எந்தச் சட்டத்துக்கும் தெய்வத்துக்கும் அடங்காதவன் என்று சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு மனிதர், 1971-இல் அமெரிக்க இதழில் வெளியானபோது தனிமையில் நனைந்துபோகும் ஞானியாகிவிட்டார்.

மாவோ காலத்துப் பிரதமர் சூ என்லாய்க்கும் இதுபோல ஒன்று நடந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் விளைவைப் பற்றி 1972-இல் கேட்டபோது ‘சொல்வதற்கு இன்னும் காலம் ஆகவில்லை’ என்றாராம். சீனர் நூற்றாண்டுகளில் சிந்திப்பவர்கள் என்பதற்கு இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அப்போது நிக்சனின் மொழிபெயர்ப்பாளராக இருந்த சாஸ் ஃப்ரீமன், சூ என்லாய் பேசியது 1789-ஐப் பற்றி அல்ல, 1968-இல் பாரிஸில் நடந்த கிளர்ச்சியைப் பற்றி என்று 2011-இல் தெளிவுபடுத்தினார். நான்கு ஆண்டுகளே ஆன ஒன்றுக்கு அது மிகச் சாதாரணமான பதில்.

கேள்வி: ‘சட்டத்தின் ஆட்சி’ என்று சீனமும் சொல்கிறது, மேற்கும் சொல்கிறது. ஒன்றையேதான் சொல்கிறார்களா?

பதில்: ‘ஃபாஜி’ என்று காதால் கேட்டால் இரண்டு சொற்கள் இருக்கின்றன, தொனியும் ஒன்றே, எழுத்துதான் வேறு. ஒன்று சட்ட அமைப்பு, மற்றது சட்டத்தால் ஆளுதல். 1999-இல் ‘சட்டத்தைக் கொண்டு நாட்டை ஆளுதல்’ என்ற கொள்கை அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. 2018 திருத்தத்தில் முகவுரையில் ‘சட்ட அமைப்பு’ என்றிருந்த எழுத்து மாற்றப்பட்டு இரண்டாவது ஃபாஜி அங்கே வந்தது. வானொலியில் கேட்டவருக்கு எதுவும் மாறியிருக்காது. அதிகாரபூர்வ ஆங்கிலம் இதை ‘ரூல் ஆஃப் லா’ என்கிறது. விமரிசகர்கள் நடுவிலுள்ள ‘ஆஃப்’ என்பதை ‘பை’ என்று மாற்றி, ஆள்பவர் கையிலுள்ள கருவிதான் சட்டம் என்கிறார்கள். மூலத்தில் அந்த இடத்தில் உருபே இல்லை. வழக்கு முழுவதும், மூலத்தில் இல்லாத ஓர் ஆங்கில முன்னிடைச்சொல்லைப் பற்றியது.

கேள்வி: ஆங்கிலப் பெயர்களை யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்: கட்சிக்கு 1953 முதல் தனி மொழிபெயர்ப்புப் பணியகம் இருந்தது; 2018-இல் அது கட்சி வரலாற்று ஆய்வு அமைப்போடு இணைக்கப்பட்டது. மாவோவின் எழுத்துகளை ஆங்கிலமாக்கும் குழுவில் 1950-களில் சியென் சோங்ஷூ போன்ற பேரறிஞர்களும் இருந்தார்கள். அமைச்சகங்களும் தலையிடும். பல நாடுகளைச் சாலைகளாலும் துறைமுகங்களாலும் இணைக்கும் சீனத் திட்டமான ‘யி தாய் யி லூ’வை முதலில் ‘ஒரே மண்டலம், ஒரே பாதை’ என்ற பொருளில் ஆங்கிலமாக்கியிருந்தார்கள். 2015-இல் மூன்று அரசுத் துறைகள் சேர்ந்து, ‘ஒன்று’ என்ற எண்ணை நீக்கி ‘பெல்ட் அண்ட் ரோடு’ என்று மட்டும் எழுத வேண்டும், ‘முன்முயற்சி’ என்று சொல்லலாம், ‘வியூகம்’ என்று சொல்லக்கூடாது என்று விதித்தன. சீனப் பெயரில் ‘ஒன்று’ இன்னும் இரண்டு முறை இருக்கிறது.

‘மின்சூ’ என்ற சொல்லோடு அவர்கள் வேறு விதமாகச் சமரசம் செய்துகொண்டார்கள். தேசிய இனம், இனக்குழு, தேசம் மூன்றையும் அது குறிக்கும். ‘நேஷனாலிட்டி’ என்ற பழைய ஆங்கிலப் பெயர்ப்பு, தனிநாட்டு உரிமையை நினைவூட்டுவதாகத் தோன்றத் தொடங்கியதும் ‘எத்னிக்’ வந்தது. பெய்ஜிங்கில் உள்ள மத்திய பல்கலைக்கழகம் ஒன்று இரண்டையும் விட்டுவிட்டு, 2008-இல் ஆங்கிலத்திலும் ‘மின்சூ பல்கலைக்கழகம்’ என்றே பெயர் வைத்துக்கொண்டது.

கேள்வி: மொழிபெயர்க்கவே முடியாமல் விட்டுவிட்ட சொல் ஏதும் உண்டா?

பதில்: ‘பு ஜெதெங்’. படுக்கையில் புரண்டுகொண்டே இருப்பது, வீட்டுச் சாமான்களைக் காரணமில்லாமல் இடம் மாற்றி மாற்றி வைப்பது, சும்மா இருக்க முடியாமல் எதையாவது கிளறிக் காரியத்தைக் கெடுப்பது, இவை எல்லாம் வடசீனப் பேச்சுவழக்கில் ‘ஜெதெங்’, ‘பு’ எதிர்மறை. 2008 டிசம்பர் 18 அன்று, பொருளாதாரச் சீர்திருத்தத்தின் முப்பதாம் ஆண்டு விழா உரையில், தடுமாற மாட்டோம், தளர மாட்டோம் என்ற இரண்டு முறையான சொற்களுக்குப் பிறகு அப்போதைய தலைவர் ஹு ஜின்தாவ் இந்த வீட்டுச் சொல்லைப் போட்டார். அரசியல் இயக்கங்களால் அலைக்கழிக்கப்பட்ட ஒரு தலைமுறைக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று மொழி வல்லுநர்கள் பல வடிவங்களை முன்வைத்துச் சண்டையிட்டார்கள். அந்த மாதம் 30-ஆம் தேதி பெய்ஜிங்கில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில் ஓர் அதிகாரி அதே தொடரைச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் மற்றதை எல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அந்த இடம் வந்ததும் ‘பு ஜெதெங்’ என்று சீனத்திலேயே சொன்னார். அரங்கில் சிரிப்பு எழுந்தது.